கெஞ்சலுக்குக் கீழே என் கையெழுத்து

நிந்தவூர்
12.05.2025

அன்புள்ள தங்கச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது உன் கூடப்பிறந்த காக்கா மீராமுகைதீன் எழுதும் கடிதம். நான் சொல்ல வேறொருவர் எழுதியது அல்ல. நானே எழுதுகிறேன். பேனையும் என்னுடையது.

நோன்புக்கு வந்து கோபித்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் பாதியில் வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட ஏலாது. கிழிப்பதென்றாலும் முகவரியை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அந்த முகவரியையும் நான்தான் எழுதினேன். தெஹிவளையில் வரும் ‘ஹி’யை எழுத ஒரு பின்னேரம் போனது. எழுதி முடித்து, அதைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். நல்ல வடிவாக இருந்தது.

பள்ளிவாசல் மேல்மாடியில் அஸருக்குப் பிறகு எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள். அப்னா டீச்சர் என்று ஒரு பிள்ளை. ஆள் சின்னது, குரல் பெரியது. ‘ழ’வைச் சரியாக வளைத்து முடித்தால் எனக்கு வரம்பில் வக்கடை கட்டித் தண்ணீரை நிறுத்தியது போல ஒரு நிம்மதி. கல்முனைக்கு பஸ்ஸில் போனால் கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு போகிறேன். கண்டக்டர், “வாப்பா, இறங்குற இடத்த நான் சொல்லுவன், நீங்க உடம்பைக் கஷ்டப்படுத்தாதீங்க” என்றான். அவனுடைய டிக்கெட்டையும் வாசித்துக் காட்டினேன்.

இவ்வளவு சந்தோசமாக இருந்த மனிதனை நீ என்ன செய்து வைத்திருக்கிறாய், கேள்.

போன கிழமை வாய்க்கால் கதவடியில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. எங்கள் பள்ளவெளிக் கண்டத்து வயல்காரரும் மேல்கண்டத்து வயல்காரரும் நின்றார்கள். நான் வட்டை விதானை. தண்ணீருக்குப் பொறுப்பான ஆள். இனி வாசிக்கவும் தெரிந்த விதானை. “தள்ளுங்க” என்று சொல்லி முன்னால் போய் நின்று சத்தமாக வாசித்தேன்.

“பள்ளவெளிக் கண்டத்து விவசாயிகள் கெ... ஞ்... சி...”

அந்த ‘ஞ்’சைப் பிடித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கஷ்டமான எழுத்தல்லவா. அந்தச் சந்தோசத்தில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். “கெஞ்சி விடுத்த வேண்டுகோளின் பேரில், கருணை அடிப்படையில், இந்தச் சிறுபோகத்துக்கு மட்டும் தண்ணீர் விடப்படுகிறது.” எழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் அர்த்தம் வந்து என் தலையில் விழுந்தது.

மேல்கண்டத்துப் பளீல் என்ன சொன்னான் தெரியுமா? “விதானையார், இன்னுமொருக்கா வாசிங்க. நல்ல வடிவா இரிக்கி.”

காரைதீவுத் தனஞ்சயனின் வயல் என் வயலுக்குப் பக்கத்து வயல். அவன் சிரிக்கவில்லை. “காக்கா, என்ட பேரையும் சேத்தா கெஞ்சின நீங்க?” என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பளீல் சொன்னதைவிட இது சுட்டது.

நேரே நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போனேன். யாரடா நான் கெஞ்சினேன் என்று எழுதியது என்று கேட்டேன். அங்கே பொறுப்பாக இருக்கும் ஐயா ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். “உங்கட இங்கிலீஸ் கடிதத்தில உள்ளதைத்தானே நாங்க தமிழில போட்டிருக்கம்” என்றார்.

நீ எழுதிய கடிதம். வாய்க்கால் திருத்துகிற வெள்ளைக்கார இஞ்சினியருக்கு இங்கிலீசில் வேண்டும் என்றார்கள். நான் போனில் குரலைப் பதிந்து உனக்கு அனுப்பினேன். நீ கோபத்திலும் எழுதி அனுப்பினாய். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

அந்தக் கடிதத்துக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து, முனவ்வறா. என் வாழ்க்கையின் முதல் கையெழுத்து. கலியாணத்துக்குக் கைநாட்டு, காணிக்குக் கைநாட்டு, உம்மாவின் மௌத்தைப் பதியப் போனபோதும் கைநாட்டு. எழுபத்திரண்டு வயதில் உரப்பையிலும் கலண்டர் முதுகிலும் எழுதி எழுதிப் பழகி, முதன்முதலாக ஒரு கடதாசியில் என் பெயரை வைத்தேன். அது போய் ஒரு கெஞ்சலுக்குக் கீழே இருக்கிறது.

நான் தண்ணீர் கேட்டேன். கேட்பதற்கு இங்கிலீசில் ஒரு சொல் இல்லையா?

உன் காக்கா,
மீ. மீராமுகைதீன்
(பார், இது கைநாட்டு இல்லை)


தெஹிவளை
19.05.2025

அன்பின் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. முகவரியில் என் பெயரில் ஒரு ‘வ்’ குறைகிறது. ‘ஹி’ நன்றாக இருக்கிறது. தபால்காரர் கூட, “யார் மிஸ் இவ்வளவு பெரிசா எழுதியிருக்கிற?” என்று கேட்டார். கடிதத்தைக் கிழிக்கவில்லை.

கேட்பதற்கு இங்கிலீசில் சொல் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது, ஒரு வண்டில் நிறைய. அதுதான் பிரச்சினை.

‘ஆஸ்க்’ என்பது வேலிக்கு மேலால் உப்பு கேட்கிற சொல். தந்தாலும் சரி, இல்லை என்றாலும் கோபமில்லை. அதைப் போட்டிருந்தால் அந்த இஞ்சினியர் அடுத்த மாதம் பார்ப்போம் என்று வைத்திருப்பார். ‘ரிக்வெஸ்ட்’ சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கேட்பது. நாட்டிலுள்ள எல்லாக் கந்தோர் மேசையிலும் அந்தச் சொல் படுத்து நித்திரை கொள்கிறது. ‘டிமாண்ட்’ என்றால் மேசையில் குத்திக் கேட்பது. நீங்கள் குத்தினால் அவர்களும் சட்டப் புத்தகத்தைத் தூக்குவார்கள், பயிர் அதுவரை நிற்குமா? ‘ப்ளீட்’ நீதவானுக்கு முன்னால் நிற்கிறவனின் சொல். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக முப்பது வருசம் அந்தச் சொல்லைச் சுமந்து எனக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. கடைசியில் இருப்பது ‘பெக்’, கெஞ்சுவது. அதைத்தான் எடுத்தேன். தெரியாமல் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டுவிட்டு எடுத்தேன்.

அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. “அல்லாவுக்காக ஒருக்காக் கதவத் துறங்க, முளைச்ச பயிர் கண்ணுக்கு முன்னால கருகுது” என்று சொல்லி நீங்கள் மூக்கைச் சிந்துகிற சத்தமும் இருக்கிறது. இதற்கு நான் என்ன சொல்லைப் போட? உப்பு கேட்கிற சொல்லையா?

இப்போது ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். தண்ணீர் வந்ததா, வரவில்லையா? எந்தச் சொல்லால் வந்தது?

உங்களுக்குக் கெஞ்சத் தெரியாது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனது நீங்கள். காலிதீன் வீட்டுக்கு மூன்று தரம் போனீர்கள். மூன்றாம் தரம் அவருடைய வாப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றீர்களாம். மௌத்தாகும் வரை காலிதீன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “உன்ட காக்கா என்னக் கேட்டு வாங்கல்ல, அழுது வாங்கினவர்” என்பார். ஆகவே மரியாதை பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

இன்னொன்று. நான் கோபித்துக்கொண்டு போனேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன் போனேன் என்று எழுத எழுத்து வரவில்லையோ? நோன்புக்கு ஊருக்கு வந்து, நீங்கள் சீதனமாகக் கட்டித் தந்த என் வீட்டுக் கதவைத் திறந்தால் விறாந்தை முழுக்க உங்கள் நெல் மூட்டை. அறைக்குள் உரம். என் கட்டிலுக்கு மேல் தண்ணீர் இறைக்கும் மெசின். நான் பக்கத்து வீட்டில் படுத்தேன். சொந்த ஊரில், சொந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில். என்னிடம் கேட்டீர்களா? எந்தச் சொல்லாலாவது?

இப்படிக்கு,
முனவ்வறா


நிந்தவூர்
28.05.2025

தங்கச்சி முனவ்வறாவ்வுக்கு,

குறைந்த ‘வ்’வை இதில் சேர்த்துப் போட்டிருக்கிறேன். சரிதானே?

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாளாக. கோபம் வரும் இடத்திலெல்லாம் கோபப்பட்டுவிட்டு, திரும்ப வந்து விட்ட இடத்தைத் தேட வேண்டியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கோபம் இவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்கு முன்னர் தெரியாது.

அல்லாவுக்காக என்று சொன்னேன். ஓம். அது அல்லாவிடம் சொன்னது. அல்லாவிடம் கெஞ்சினேன், கந்தோரிடம் கேட்டேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அதைப் பிரித்து எழுதத்தானே உனக்கு முப்பது வருசம் சம்பளம் தந்தார்கள்?

மாப்பிள்ளைக் கதையை எடுத்தாய். எடுத்தது நல்லது. ஓம், காலிதீனின் வாப்பாவிடம் கெஞ்சினேன். அழவும் அழுதேன். இன்னும் இரண்டு தரம் போகச் சொன்னாலும் போயிருப்பேன். ஏன் தெரியுமா? மாப்பிள்ளை அவர்களுடைய பிள்ளை. தரலாம், தராமல் விடலாம். மற்றவனுடைய பொருளுக்கு முன்னால் நிற்கிறவன் கெஞ்சினால் அதில் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் யாருடையது?

உனக்கும் தெரியும். வாப்பா விதானையாக இருந்த காலத்திலிருந்து எங்கள் வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை கடையிலிருந்துதான் தொடங்கும். கதவு திறந்தால் முதல் தண்ணீர் கடைசியில் கிடக்கும் பள்ளவெளிக்கு. நாங்கள் தண்ணீர் கட்டி முடித்த பிறகுதான் ஒவ்வொரு கண்டமாக மேலே போகும். மேலே இருக்கிறவனுக்கு எப்படியும் தண்ணீர் கிடைக்கும், கடையில் இருக்கிறவனுக்கு முறை இருந்தால்தான் கிடைக்கும். அதற்காக வைத்த முறை. புதுக் கதவு போட்டவர்களுக்கு இது தெரியாது. மேலிருந்து கீழே விட்டார்கள். பளீலுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் வந்ததா என்று கேட்டாய். வந்தது. கழுத்தில் கயிறு கட்டிய மாடு மாதிரி வந்தது. கயிறு கந்தோரின் கையில். ‘இந்தச் சிறுபோகத்துக்கு மட்டும்’. அடுத்த போகத்துக்கு நான் திரும்பப் போய்க் கெஞ்ச வேண்டும். அதற்கடுத்த போகத்துக்கு யார் கெஞ்சுவது? நான் மௌத்தானால் தனஞ்சயனா? பளீல் இப்போதே தேத்தண்ணிக் கடையில் சொல்கிறானாம், “கடைக்கண்டத்துக்கு முறை எண்டு ஒண்டும் இல்ல, நாங்க பாவம் பாத்து விடுறது” என்று. உன் ஒரு சொல் எங்கள் முறையை அவனுடைய தருமமாக ஆக்கிவிட்டது.

தனஞ்சயன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. வரம்பில் எதிரே வந்தால் வானத்தைப் பார்க்கிறான்.

வேறு கடிதம் எழுது. ‘டிமாண்ட்’ என்று எழுது. மேசையில் குத்துவதை நான் குத்துகிறேன்.

காக்கா,
மீ. மீராமுகைதீன்


தெஹிவளை
10.06.2025

அன்பின் காக்காவுக்கு,

பெருநாளைக்கு நீங்கள் பஸ்ஸில் போட்டு அனுப்பிய தயிர்ச் சட்டி வந்தது. பாதித் தயிர் சட்டிக்குள், மீதி யாரோ ஒருவருடைய பயணப் பைக்குள். கிடைத்தது நல்ல தயிர்.

நீங்கள் சொன்னதை யோசித்தேன். கடையிலிருந்து தொடங்கும் முறையைப் பற்றி அந்தக் குரல் பதிவில் ஒரு வார்த்தையும் இல்லை, காக்கா. திரும்பவும் போட்டுக் கேட்டேன். பயிர் கருகுவது இருக்கிறது, அல்லா இருக்கிறான், பளீலுக்கு ஏச்சு இருக்கிறது. முறை இல்லை. உங்களுக்கு அது காற்று மாதிரி, சொல்ல வேண்டிய பொருளாகத் தெரியவில்லை. நானும் ஊரை விட்டுப் போய் இருபது வருசம். எனக்கும் அது நினைவில் வரவில்லை. வந்திருந்தால் ‘பெக்’கை எடுத்திருக்க மாட்டேன். இதில் பாதிப் பிழை உங்களுடையது. மற்றப் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ‘டிமாண்ட்’ எழுத மாட்டேன். அதுவும் கேட்கிற சொல்தான், சத்தமாகக் கேட்கிற சொல். கேட்டால் அவர்களுக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல உரிமை வந்துவிடும். உங்கள் நியாயப்படியே பார்த்தால், சொந்தக்காரன் கேட்கவே தேவையில்லை. அதனால் ‘ரிமைண்ட்’ என்ற சொல்லை எடுத்திருக்கிறேன். நினைவூட்டுவது. முறை கடையிலிருந்து தொடங்குகிறது என்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறோம், எல்லாப் போகத்துக்கும். அவ்வளவுதான். கடிதம் இத்துடன் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். தனஞ்சயனுக்கும் இடம் இருக்கிறது. அவரிடம் முதலில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்.

இனி என் பங்கு. மற்றவனுடைய பொருளுக்கு முன்னால் கெஞ்சலாம், சொந்தப் பொருளுக்குக் கெஞ்சக் கூடாது என்று எழுதினீர்கள். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். என் வீடு யாருடைய பொருள்?

முனவ்வறா


நிந்தவூர்
16.06.2025

தங்கச்சிக்கு,

நினைவூட்டுவதா? கலியாணச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி நினைவூட்டலாம். மருந்து குடிக்க நினைவூட்டலாம். கழுத்தில் மிதித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு, “ஐயா, நீங்க என்ட கழுத்தில நிக்கிறீங்க” என்று நினைவூட்டுவதா? இது என்ன சொல், வெந்நீரில் போட்ட பப்படம் மாதிரி!

கந்தோரில் கூட்டம் வருகிற கிழமை. வெள்ளைக்காரரும் வருகிறாராம். வேறு சொல் அனுப்பு.

தனஞ்சயன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கேதீஸ்வரிதான் தேத்தண்ணி தந்தது. அவன் தரவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில கெஞ்சல் இரிக்கா?” என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். யோசிக்க வேண்டுமாம்.

மீராமுகைதீன்


தெஹிவளை
20.06.2025

காக்கா,

வேறு சொல் இல்லை. பிடித்தால் கையெழுத்து வையுங்கள், பிடிக்காவிட்டால் பப்படத்தோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

நான் கேட்ட கேள்விக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கவனித்தேன்.

முனவ்வறா


நிந்தவூர்
01.07.2025

அன்புள்ள தங்கச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை ஆறுதலாக வாசி. நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

கூட்டத்துக்குப் போனோம். பள்ளவெளி ஆட்கள் எல்லாரும். தனஞ்சயன் கடைசியில் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். “கதைக்க இல்ல, கையெழுத்து வைக்கத்தான் வந்த” என்றான். பளீல் முன்வரிசை, பெருநாள் சட்டை.

கடிதத்தைக் கொடுக்க முன்னர் அந்த ஐயாவுக்கு முன்னாலேயே கையெழுத்து வைத்தேன். எனக்குப் பிறகு தனஞ்சயன், அவனுக்குப் பிறகு மற்றவர்கள். எல்லாரும் வைத்து முடிந்ததும் அந்த ஐயாவும் என் பேனையை வாங்கி, கடிதம் கிடைத்தது என்று ஒரு மூலையில் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையைத் தன் பொக்கட்டில் சொருகிக்கொண்டார். பிறகு இங்கிலீசில் வாசித்தார். தமிழிலும் சொன்னார். வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். ஐயா என்னைப் பார்த்து, “விதானையார், இதில நீங்க ஒண்டும் கேக்கல்லயாமே எண்டு கேக்கிறார். உங்களுக்கு என்ன வேணும்?” என்றார்.

எனக்கு உன் பப்படத்தின் மேல்தான் கோபம் வந்தது. மேசையில் குத்துவோம் என்று அவர் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

“ஓம் ஐயா, கேக்கல்ல” என்றேன். “உங்கட பொக்கட்டில இரிக்கிறது என்ட பேன. தாங்க தாங்க எண்டு நான் உங்கட காலில விழுவனா? என்ட பேன உங்கட பொக்கட்டில இரிக்கி எண்டு சொல்லுவன். அவ்வளவுதான்.”

அவர் பொக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பேனை அங்கே இருந்தது. முதலில் சிரித்தது தனஞ்சயன். அவன் சிரிப்பை நான் அந்தப் பலகை வந்த பிறகு கேட்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்தியதும் அவரும் சிரித்தார். பளீல் மட்டும் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். “மேல்கண்டத்தாரும் சொல்லுங்க, முறை கடையில இருந்தா?” என்று ஐயா கேட்டார். பளீலுக்குப் பின்னாலிருந்த அவனுடைய மாமனார்தான் எழும்பி, “ஓம், எப்பவும் கடையில இருந்துதான்” என்றார். பளீல் அவருடைய மகளின் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை. வாய் திறக்க ஏலுமா?

பலகையைக் கழற்றிவிட்டார்கள். இனி எல்லாப் போகத்துக்கும் கடையிலிருந்து முறை என்று எழுதித் தந்தார்கள். நானே வாசித்தேன். கருணை இல்லை. ஒரு எழுத்தும் இல்லை. இரண்டு தரம் தேடினேன். கழற்றிய பலகையைத் தனஞ்சயன் வாங்கிக்கொண்டு போய் எங்கள் இரண்டு வயலுக்கும் இடையில் இருக்கும் சின்ன வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருக்கிறான், எழுத்து கீழே இருக்க. இப்போது அதில் நடந்துதான் என்னோடு கதைக்க வருகிறான்.

முதல் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தர ஏலாதாம். கிடக்கட்டும். இனி என் முதல் கையெழுத்து எது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

நினைவூட்டுவது வெந்நீரில் போட்ட பப்படம் இல்லை. அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ‘வெந்நீரில் முட்டையும் போடலாம், அது இறுகும்’ என்று நீ பதில் எழுதுவாய். எழுத வேண்டாம்.

இனி உன் கேள்வி. கூட்டம் முடிந்து வரும் வழியில் உன் வீட்டைத் திறந்தேன். விறாந்தையில் நின்று யோசித்தேன். உன் சுவர், உன் தூண், உன் கட்டில். கல் சுமந்தது நான்தான். ஆனால் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த பிறகும் உள்ளே மூட்டையை வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் தங்கச்சியின் வீடு என்று சொன்னால் நான் யார்? பளீலின் ஆள்தானே.

மூட்டைகளை எடுத்துவிட்டேன். உரத்தையும் எடுத்துவிட்டேன். மெசினைத் தூக்கத் தனஞ்சயன் வந்தான். கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். உன்னை வரச்சொல்லி நான் கேட்கப் போவதில்லை. நிந்தவூரில் உனக்கு ஒரு வீடு இருக்கிறது. நினைவூட்டுகிறேன்.

ஆனால் முனவ்வறா, ஒன்று. இந்தப் போகம் நல்ல விளைச்சல் போலத் தெரிகிறது. என் வீட்டில் இடம் காணாது. உன் பின்னறையில், ஒரு மூலையில், கதவைத் தட்டாத மாதிரி, ஆறே ஆறு மூட்டை வைத்துக்கொள்ள விடுவாயா? தங்கச்சி, அல்லாவுக்காக. வீடு உன்னுடையது. அதனால் இதற்கு நீ விரும்பிய சொல்லைப் போட்டுக்கொள். ‘பெக்’ என்றாலும் சரிதான். கீழே கையெழுத்து வைக்கிறேன்.

மீ. மீராமுகைதீன்